பில்லுக்கும் அறிக்கைக்கும் ஒரு பைசா இடிக்கிறது: எஸ்க்யூஎல்லில் தசமக் கணக்கு

கேள்வி: திருப்பூரில் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு, தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லை வைத்துக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று ரோல் துணிக்குப் போட்ட பில்லில் தொகை 1021.39. அதே மூன்று ரோலை மாத அறிக்கையில் கூட்டினால் 1021.38 வருகிறது. டேமேஜ் ரோல் சதவீதம் எல்லா மாதத்துக்கும் 0 என்றே காட்டுகிறது. எடை, விலை, தொகை மூன்றும் எண்ணைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகையில் இருக்கின்றன. எல்லாவற்றையும், தசம இலக்கங்களை அப்படியே வைக்கும் டெசிமல் வகைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்:

பாதிதான் சரியாகும். ஃப்ளோட்டை மாற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற அந்த ஒரு பைசா, டெசிமலுக்கு மாறிய பிறகும் அங்கேயேதான் இருக்கும். நீங்கள் அனுப்பிய எண்களையே போட்டுப் பார்ப்போம்.

ரோல்களின் எடை 23.475, 22.850, 24.115 கிலோ. கிலோவுக்குக் கூலி 14.50. பெருக்கினால் 340.3875, 331.325, 349.6675. ஒவ்வொரு வரியையும் பைசாவுக்கு முழுமையாக்கினால் (ரவுண்ட் செய்தால்) 340.39, 331.33, 349.67. கூட்டினால் 1021.39. இதுதான் பில்லில் அச்சான தொகை. முழுமையாக்காமல் முதலில் கூட்டினால் சரியாக 1021.38. இரண்டு கணக்கிலும் தப்பு இல்லை. பில், வரிவரியாக முழுமையாக்கிவிட்டுக் கூட்டுகிறது. அறிக்கை, கூட்டிவிட்டுக் கடைசியில் முழுமையாக்குகிறது. கட்டளையாக எழுதினால் வித்தியாசம் இவ்வளவுதான் (இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது வழக்கமான ஆங்கிலச் சொற்களைப் போட்டுக்கொள்ளுங்கள்):

செலக்ட் சம்(ரவுண்ட்(எடை * விலை, 2)) ஃப்ரம் ரோல்கள்;

செலக்ட் ரவுண்ட்(சம்(எடை * விலை), 2) ஃப்ரம் ரோல்கள்;

முதலாவது 1021.39 தரும், இரண்டாவது 1021.38. எது சரி என்பதைத் தரவுத்தளம் முடிவு செய்ய முடியாது. பார்ட்டி (வாடிக்கையாளர்) கையில் இருக்கும் காகிதம்தான் முடிவு செய்கிறது. வரிக்கு வரி தொகை அச்சாகிற பில் என்றால், அச்சான தொகைகளின் கூட்டல்தான் உண்மை. ஆகவே பில் போடும் நேரத்திலேயே முழுமையாக்கி, அந்தத் தொகையை அட்டவணையில் தனி நிரலில் (நெடுவரிசையில்) சேமித்துவிடுங்கள். அறிக்கைகள் அந்த நிரலை மட்டும் கூட்டட்டும். எடையையும் விலையையும் எடுத்து ஒவ்வொரு அறிக்கையும் தன் இஷ்டத்துக்கு மறுபடி பெருக்கினால், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது கணக்குப்பிள்ளை "பைசா இடிக்குதுங்க" என்று வந்து நிற்பார், அவரிடம் பதில் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது. தரவுத்தள மென்பொருள்களில் மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பு முதலும் போஸ்ட்கிரஸ் 12 பதிப்பு முதலும் இந்தத் தொகையைத் தானே கணக்கிட்டுச் சேமிக்கும் ஜெனரேட்டட் நிரல் வசதி உண்டு. எஸ்க்யூஎல் சர்வரிலும் இதற்கு இணையானது இருக்கிறது. நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனென்றால் முழுமையாக்கும் விதி ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

சரி, ஃப்ளோட்டுக்கு வருவோம். அதை ஏன் மாற்ற வேண்டும் என்பது நம் ஊர்ப் பழைய கணக்கை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஃப்ளோட், அதைவிடத் துல்லியம் கூடிய டபுள் இரண்டும் எண்ணை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்து வைத்துக்கொள்கின்றன. அரை, கால், அரைக்கால், வீசம் என்று ஒன்றை இரண்டிரண்டாக வெட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் பின்னங்கள் அவற்றுக்கு அப்படியே பிடிபடும். மா என்னும் இருபதில் ஒன்றையோ முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒன்றையோ கேட்டால் பிடிபடாது, பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு எண்ணைத்தான் வைத்துக்கொள்ளும். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று இருந்த காலத்தில் கணினி வந்திருந்தால் அணாக் கணக்கு ஃப்ளோட்டில் பிசகாமல் நின்றிருக்கும். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா ஆகிவிட்டது. பைசாவில் .00 முதல் .99 வரை நூறு மதிப்புகள் இருக்கின்றன. அவற்றில் .00, .25, .50, .75 ஆகிய நான்கு மட்டுமே ஃப்ளோட்டில் சரியாக உட்காரும். மற்ற தொண்ணூற்றாறும் தோராயம்தான்.

தோராயம் மிகச் சின்னது, திரையில் தெரியாது என்பதால்தான் ஆபத்து. 1.005 என்று டபுளில் போட்டால் உள்ளே இருப்பது 1.00499999... அதை இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 1.01 வரவேண்டிய இடத்தில் 1.00 வந்துவிடும். உங்கள் இரண்டாவது ரோலின் 331.325 இப்படிச் சரியாக 5-இல் முடிகிற தொகை. இந்த மாதிரி வரிகளில்தான் ஃப்ளோட் காலை வாரும். ஒற்றைத் துல்லிய ஃப்ளோட் இன்னும் மோசம். அதற்கு மொத்தமே ஏறக்குறைய ஏழு இலக்கம்தான் நினைவில் நிற்கும். 12,34,567.89 ரூபாயை அதில் வைத்தால் உள்ளே 12,34,567.875 ஆகிவிடுகிறது. லட்சங்களில் நூல் வாங்கி விற்கும் ஊரில் இதை வைத்துக் கணக்கு எழுதக் கூடாது.

வேறு இரண்டு தொல்லைகளும் உண்டு. ஃப்ளோட் நிரலில் "வேர் விலை = 0.1" என்று நிபந்தனை வைத்துத் தேடினால் மைஎஸ்க்யூஎல்லில் வரியே வராது, கண்ணுக்கு முன்னால் 0.1 இருந்தாலும். அப்புறம், ஃப்ளோட் ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. டெசிமல் நிரலை ஃப்ளோட் நிரலால் பெருக்கினால் விடையும் ஃப்ளோட்டாகிவிடும். ஆகவே தொகையை மட்டும் டெசிமலாக்கிவிட்டு எடையை ஃப்ளோட்டாகவே விட்டுவைத்தால் பாதிப் பயன்தான். கட்டளைக்குள் நேராக எழுதும் எண்ணிலும் இது உண்டு: 0.05 என்று எழுதினால் மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் இரண்டும் டெசிமலாக எடுத்துக்கொள்ளும், அடுக்குக்குறி போட்டு 5இ-2 என்று எழுதினால் தோராய எண்ணாக எடுத்துக்கொள்ளும். 0.1 + 0.2 என்று நேராக எழுதிச் சோதித்து "எனக்கு 0.3 சரியாகத்தானே வருகிறது" என்று பலர் நினைப்பது இதனால்தான். அவர்கள் சோதித்தது டெசிமலை.

டெசிமல் அதிக இடம் பிடிக்கும் என்ற பயமும் வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் டெசிமல்(12,2) பிடிப்பது 6 பைட். டபுள் பிடிப்பது 8.

இனி அகலம். டெசிமல்(5,2) என்றால் புள்ளிக்கு முன் ஐந்து, பின் இரண்டு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மொத்தமே ஐந்து இலக்கம், அதில் இரண்டு புள்ளிக்குப் பின். 999.99-க்கு மேல் போகாது. அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது, அகலமே குறிப்பிடாமல் வெறும் டெசிமல் என்று எழுதுவது. மைஎஸ்க்யூஎல்லில் அது டெசிமல்(10,0), எஸ்க்யூஎல் சர்வரில் டெசிமல்(18,0). அதாவது புள்ளிக்குப் பின் ஒன்றுமே இல்லை. உங்கள் 14.50 கூலி சத்தமே இல்லாமல் 15 ஆகிவிடும். ஸ்டோர்டு புரொசீஜரின் (தரவுத்தளத்திலேயே சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுப்பின்) பாராமீட்டரில் இப்படி எழுதிவிட்டால் கண்டுபிடிப்பதற்குள் பல பில் போயிருக்கும். போஸ்ட்கிரஸில் வெறும் நியூமெரிக் என்று எழுதினால் கொடுத்த இலக்கம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். ஒரே சொல், மூன்று இடத்தில் மூன்று நடத்தை. ஆகவே எங்கேயும் அகலத்தை எழுதியே பழகுங்கள்.

புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதைத் தொழிலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தராசு கிராம் வரை காட்டினால் எடைக்கு மூன்று. தொகைக்கு இரண்டு. விலைக்கு இரண்டு போதும் என்று பலரும் வைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நாமக்கல்லில் முட்டை விலையைப் பைசாவில் பேசுகிறார்கள், அங்கே இரண்டு இலக்கம் பொருந்தும். ஆனால் தைக்கும் கூலியை டஜனுக்குப் பேசிவிட்டுப் பீஸுக்குப் பிரித்தாலோ, வேறு நாட்டுப் பணத்தில் பேசிய விலையை ரூபாய்க்கு மாற்றினாலோ இரண்டு இலக்கம் போதாது. விலைக்கு நான்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மிகவும் கஷ்டப்படுத்துவது சாயப்பட்டறைக் கணக்கு. நீங்கள் இப்போது நிட்டிங்கோடு நின்றாலும், நாளை அதே நிறுவனம் டையிங்கையும் சேர்த்துச் செய்தால் இது தேவைப்படும். வெளிர் நிறங்களுக்குச் சாயம் துணி எடையில் மிகச் சிறிய சதவீதம்தான். 300 கிலோ துணிக்கு 0.0125 சதவீதம் என்றால் 37.5 கிராம். சதவீத நிரல் டெசிமல்(5,2) என்று இருந்தால் 0.0125 சேமிக்கும்போதே 0.01 ஆகிவிடும். சாயம் 30 கிராம்தான் வரும். ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பணத்தில் இப்படி இலக்கம் உதிர்ந்தால் பைசாவோடு போகும், இங்கே ஷேடே மாறி முழு லாட்டும் மறு சாயத்துக்குப் போகும். கூடுதல் இலக்கம் வந்தால் தரவுத்தளம் பிழை சொல்லாது என்பதை மறக்க வேண்டாம். புள்ளிக்கு முன்னால் இடம் போதாவிட்டால் போஸ்ட்கிரஸும் கண்டிப்பு முறையில் ஓடும் மைஎஸ்க்யூஎல்லும் பிழை சொல்லும். புள்ளிக்குப் பின்னால் போதாவிட்டால் முழுமையாக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

சதவீதம் 0 வருவது வேறு கதை, ஃப்ளோட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 320 ரோலில் 7 டேமேஜ் என்றால் இரண்டும் கவுண்ட் செய்து வந்த முழு எண்கள். போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். 7/320 என்பது 0, அதை நூறால் பெருக்கினாலும் 0. மைஎஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் தசமத்தோடு தரும். அதனால்தான் ஒரு இடத்தில் எழுதிய கட்டளையை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகும்போது இது திடீரென்று முளைக்கிறது. முதலில் 100.0-ஆல் பெருக்கிவிட்டு அப்புறம் வகுங்கள்:

செலக்ட் ரவுண்ட்(100.0 * டேமேஜ் / நல்லிஃப்(மொத்தம், 0), 2) ஃப்ரம் மாதவாரி;

7-க்கும் 320-க்கும் இது 2.19 தரும். நல்லிஃப் போட்டிருப்பது ஓட்டம் இல்லாத மாதத்துக்காக. மொத்தம் 0 என்றால் போஸ்ட்கிரஸ் முழு அறிக்கையையும் பிழை சொல்லி நிறுத்திவிடும், நல்லிஃப் இருந்தால் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். இதே குணம் சராசரியிலும் உண்டு: எஸ்க்யூஎல் சர்வரில் முழு எண் நிரலுக்குச் சராசரி கேட்டால் முழு எண்தான் வரும்.

சராசரி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நூல் கொள்முதலில் சராசரி விலை கேட்டால் ஏவிஜி(விலை) என்று எழுதாதீர்கள். 1000 கிலோ 250 ரூபாய்க்கும் 200 கிலோ 262 ரூபாய்க்கும் வாங்கியிருந்தால் அது 256 என்று சொல்லும். உண்மையில் அடக்க விலை 252. மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுக்க வேண்டும்.

முழுமையாக்கும் விதிக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் உங்கள் மாதிரி நிறுவனங்களில் பில் கணக்கு பாதி செயலியிலும் பாதி தரவுத்தளத்திலும் நடக்கிறது. டெசிமல் எண்ணுக்கு மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் நான்கிலும் ரவுண்ட் ஒரே விதம்: சரிபாதி வந்தால் பூஜ்யத்தை விட்டு விலகும். 331.325 என்பது 331.33, திருப்பி அனுப்பிய சரக்குக்கான -331.325 என்பது -331.33. ஆனால் செயலி எழுதப் பயன்படும் டாட்நெட்டில் மேத் ரவுண்ட் வேறு எதுவும் சொல்லாவிட்டால் சரிபாதியில் இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் போகும், 331.325 அங்கே 331.32. பைத்தானின் ரவுண்டும் அப்படியே. போஸ்ட்கிரஸிலேயே டபுள் எண்ணை ரவுண்ட் செய்தால் பெரும்பாலான கணினிகளில் இந்த இரட்டைப்படை விதிதான் நடக்கும், அதிலும் இலக்க எண்ணிக்கை கொடுத்து ரவுண்ட் செய்ய டபுளை ஏற்காது, நியூமெரிக்குக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆகவே செயலி ஒரு விதியும் தரவுத்தளம் இன்னொரு விதியும் வைத்திருந்தால் பைசா இடிப்பது நிச்சயம். ஒரே இடத்தில் செய்யுங்கள். இரண்டு இடத்திலும் செய்தே ஆக வேண்டும் என்றால் டாட்நெட்டில் "அவே ஃப்ரம் ஜீரோ" என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். முழு எண்ணாக மாற்றும் கேஸ்ட்டை ரவுண்டுக்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம். 2.9-ஐ எஸ்க்யூஎல் சர்வர் 2 ஆக வெட்டிவிடும், போஸ்ட்கிரஸ் 3 ஆக்கும்.

ஜிஎஸ்டி இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 1021.39-க்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்குள் என்றால் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. ஒவ்வொன்றும் 25.53475, அதாவது 25.53. இரண்டும் சேர்ந்து 51.06. நேராக 5 சதவீதம் போட்டால் 51.0695, அதாவது 51.07. ஆகவே மொத்த வரியைக் கண்டுபிடித்து இரண்டாகப் பிரிக்கும் கட்டளை எழுதாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, தனித்தனியாக முழுமையாக்கி, பிறகு கூட்டுங்கள். 2017-ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, கட்ட வேண்டிய வரியை அருகில் உள்ள ரூபாய்க்கு முழுமையாக்கச் சொல்கிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம். அதாவது சட்டம் சொல்வதும் சரிபாதி மேலே போகும் விதிதான், இரட்டைப்படை விதி இங்கே பொருந்தாது. பில்லின் அடியில் நீங்கள் போடும் ரவுண்ட் ஆஃப் தொகையையும் தனி நிரலாகச் சேமியுங்கள். 1072.45 என்பதை 1072 ஆக்கினால் -0.45 எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிரித்துக் கொடுக்கும் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். 1000 ரூபாய் லாரி வாடகையை மூன்று பார்ட்டிக்குச் சமமாகப் பிரித்தால் 333.33 மூன்று முறை, 999.99. மிச்ச பைசா யாருக்கு என்பதைக் கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசி வரி தவிர மற்றவற்றை ரவுண்ட் செய்து, கடைசி வரிக்கு "மொத்தம் கழித்தல் இதுவரை கொடுத்தது" என்று வையுங்கள். எப்போதும் கூட்டல் பொருந்தும்.

கைப்பேசியில் எடை போட்டு ஏற்றும் செயலி வைத்திருந்தால் அதில் பெரும்பாலும் எஸ்க்யூலைட் இருக்கும். அதில் டெசிமல்(10,2) என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் உண்மையில் அப்படி ஒரு வகை அதில் கிடையாது, 14.35 உள்ளே தோராய எண்ணாகவே போய் உட்காரும். அங்கே எடையைக் கிராமாகவும் விலையைப் பைசாவாகவும் முழு எண்ணில் வையுங்கள். 23475 கிராம், 1450 பைசா. பெருக்கி, 500 சேர்த்து, 1000-ஆல் முழு எண் வகுத்தல் செய்தால் 34039 பைசா, அதாவது 340.39. மைனஸ் இல்லாத தொகைகளுக்கு இந்த வழி பிசகாது.

காற்புள்ளி பற்றி ஒரு வார்த்தை. எக்செல்லில் இருந்து வரும் 1,25,000.50 எழுத்தாகத்தான் வரும். மைஎஸ்க்யூஎல்லில் அதோடு 0-ஐக் கூட்டி எண்ணாக்கினால் 1 என்று வரும், ஒரு எச்சரிக்கையோடு சரி. போஸ்ட்கிரஸ் பிழை சொல்லி நிறுத்தும், அதுவே மேல். ரீப்ளேஸ் போட்டுக் காற்புள்ளியை எடுத்துவிட்டு மாற்றுங்கள். லட்சம், கோடி என்று அழகாகக் காட்டுவதை அறிக்கையின் கடைசிப் படியில் வையுங்கள். அதற்கு முன்பே எழுத்தாக்கிவிட்டால் வரிசைப்படுத்தும்போது 9.50 போய் 10.25-க்குப் பின்னால் நிற்கும்.

இனி உங்கள் பழைய தரவை மாற்றுவது. ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையில் நேராக வகையை மாற்ற வேண்டாம். நகலில் செய்யுங்கள். எடைக்கு டெசிமல்(12,3), விலைக்கு டெசிமல்(12,4), தொகைக்கு டெசிமல்(14,2) என்று புதிய நிரல்களைச் சேர்த்து, பழையதை ரவுண்ட் செய்து நிரப்புங்கள். எடையையும் விலையையும் முதலில் மாற்றிவிட்டு, அவற்றைப் பெருக்கி முழுமையாக்கிய தொகையைப் புதிய தொகை நிரலோடு ஒப்பிட்டு, பொருந்தாத வரிகளை மட்டும் எடுங்கள். அவை பெரும்பாலும் 5-இல் முடிகிற வரிகளாகவே இருக்கும். அந்த வரிகளுக்கு அச்சான பில்லின் நகலை எடுத்துப் பார்த்து, அதில் உள்ள தொகையையே நிரலில் வையுங்கள், கணிதப்படி வேறு எண் வந்தாலும். பார்ட்டி பணம் கொடுத்ததும் வரி கட்டியதும் அந்தத் தொகைக்குத்தான். ஜெனரேட்டட் நிரலைப் பழைய வரிகளுக்குப் பயன்படுத்த முடியாமல் போவது இதனால்தான். பழைய ஆண்டுகளுக்குச் சாதாரண நிரல், புதிய நிதியாண்டின் அட்டவணைக்கு ஜெனரேட்டட் நிரல் என்று ஏப்ரல் 1-இல் பிரித்துக்கொள்ளுங்கள்.